ஆவாரையும் வண்டும் - இல்லறத்தார்க்கு ஒரு ஜீவதயைப் பாடம்



கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் ஜைன இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும். நம் இல்லங்களில் பிறந்த குழந்தை, பேசக் கற்கும் முன்பே தேனைத் தொடாதிருக்கக் கற்றுவிடுகிறது. தேனடையைப் பிழியும்போது எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன என்பதும், அவை தமக்கெனச் சேர்த்த உணவை நாம் கவர்தல் தகாது என்பதும் அதற்குரிய காரணங்கள். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. வண்டினத்தின் உணவைக் கவராமல் விடுகின்ற நாம், அவ்வுணவு விளையும் மலரை விட்டுவைக்கின்றோமா? மலரே இல்லாத ஊரில், தேனை உண்ணாதிருப்பதால் மட்டும் வண்டு பிழைக்குமா? இவ்வினாவை ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வண்டு எத்தகைய உயிர்?

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுப்பது நம் ஆகமங்களின் மரபு. மண், நீர், தீ, காற்று, செடிகொடி ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்கள் ஓரறிவுடையன. புழு ஈரறிவும், எறும்பு மூவறிவும், வண்டு நான்கறிவும் உடையன. மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கு புலன்களாலும் உலகை அறிவது வண்டு. தொல்காப்பிய மரபியலும் எறும்பை மூவறிவிலும், தும்பியை நான்கறிவிலும் வைத்துக் கூறுகின்றது. நிறத்தைக் கண்டு, மணத்தை முகர்ந்து, சுவையறிந்து, மலரைத் தொட்டு வாழும் உயிருக்கு இவ்வகைப்பாடு எவ்வளவு பொருத்தமானது!

நம் முனிவர்கள் உணவு ஏற்கும் முறைக்குப் 'பிராமரீ விருத்தி' என்று ஒரு பெயர் உண்டு. பிரமரம் என்பது வண்டு. வண்டு மலருக்கு ஊறு செய்யாமல் தனக்கு வேண்டிய அளவே கொள்வதுபோல, முனிவரும் இல்லறத்தார்க்குச் சுமையாகாமல் உணவு ஏற்க வேண்டும் என்பது இதன் கருத்து. துறவிக்கே உவமையாகும் தகுதி பெற்ற அவ்வுயிர், இன்று நம் வீட்டைச் சுற்றி உணவுக்கு அலைகின்றது.

ஓசூர் வட்டாரத்தின் நிலை

வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி ஆகிய வட்டாரங்களில் வழிவழியாக வேளாண்மை செய்து வந்தது தமிழ்ச் சமணச் சமூகம். கல்வியும் தொழிலும் வேண்டி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோர் இன்று பலர். அவ்வாறு மக்களை ஈர்த்த ஊர்களுள் ஓசூரும் ஒன்று. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு அமைந்தபின், ஊர்திகள், கைக்கடிகாரங்கள், எந்திர உறுப்புகள் எனப் பல ஆலைகள் தோன்றின. 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பர்கூர், சூளகிரி, குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி என இம்மாவட்டத்தில் தொழிற்பூங்காக்கள் பெருகின.

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், மிதமான தட்பவெப்பம் உடையது. கிழக்கே கிருட்டிணகிரி நோக்கிச் செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து வெப்பம் மிகும். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 முதல் 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி சூன் முதல் நவம்பர் வரை பெய்துவிடும். எஞ்சிய மாதங்கள் வறண்டவை. செம்மண்ணும் சரளையும் பாறையும் கலந்த நிலம்.

ஓசூர் ரோசாப் பூவுக்குப் பெயர் பெற்ற ஊராயிற்றே, அங்கு வண்டுக்கு மலர்ப்பஞ்சமா எனச் சிலர் கேட்கலாம். அந்த ரோசாக்களில் பெரும்பாலானவை பசுங்குடில்களுக்குள் வளர்பவை. மொட்டு விரியும் முன்பே கொய்து அனுப்பப்படுபவை. அவை வண்டுக்கு உணவாவதில்லை. கிருட்டிணகிரியின் மாந்தோப்புகள் தை, மாசி மாதங்களில் பூக்கும், பின்னர் ஓய்ந்துவிடும். ஆண்டு முழுவதும் வண்டுக்கு உணவளித்தவை வேலியோரத்திலும், பாறை இடுக்கிலும், தரிசிலும் யாரும் விதைக்காமல் வளர்ந்த செடிகளே. வீட்டுமனைப் பிரிவுகள் போடும்போது ஜே.சி.பி. எந்திரம் முதலில் அகற்றுவது அவற்றைத்தான். அகற்றிய இடத்தைப் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் பிடித்துக்கொள்கின்றன. அவ்வாறு அகற்றப்படும் செடிகளுள் முதன்மையானது ஆவாரை.

ஆவாரையை அறிவோம்

ஆவாரை நம் மண்ணுக்கே உரிய புதர்ச்செடி. ஆவிரை என்னும் பெயரால் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இதனையும் வைத்துள்ளார். ஓசூர்ப் பகுதியில் தெலுங்கு பேசுவோர் இதனைத் தங்கேடு என்பர். கன்னடர் ஆவரிகெ என்பர். 2014-இல் தோன்றிய தெலங்கானா மாநிலம் இதனையே தன் மாநில மலராகக் கொண்டது. இதன் தாவரவியற் பெயர் சென்னா ஆரிக்குலாட்டா. 'ஆரிக்குலாட்டா' என்பது செவிமடல் போன்றது என்னும் பொருளுடையது. இலைக்காம்பின் அடியில் செவி வடிவில் அகன்ற இலையடிச் செதில்கள் இருப்பதே இப்பெயர்க்குக் காரணம்.

அடையாளங்கள் எளியவை. ஆள் உயரம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ வளரும். பழுப்பு நிறப் பட்டை. ஒரு காம்பில் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள். கிளை நுனிகளில் கொத்தாகப் பொன்னிற மலர்கள். தாள்போல் மெல்லிய தட்டையான காய்கள். நாற்றுப் பண்ணைகளில் மஞ்சட் பூவுடைய வேறு செடிகளும் மரங்களும் கிடைக்கும். அவற்றுள் சில அயல்நாட்டிலிருந்து வந்தவை. செவி வடிவச் செதிலைக் கண்ட பின்னரே ஆவாரை எனத் தெளிதல் வேண்டும்.

போகியன்று வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றுடன் ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டிலும் வயலிலும் காப்புக் கட்டுவது இவ்வட்டார வழக்கம். ஆவாரை பூத்திருக்க மனிதர்க்குச் சாவு ஏது என்னும் பொருளில் ஒரு பழமொழியும் வழங்குகிறது. இலையைத் தழையுரமாக வயலில் மிதிப்பதும் முன்பு உண்டு.

இச்செடிக்கு மற்றொரு வரலாறும் உண்டு; அது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை மாகாணத்தில் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆவாரம்பட்டையே முதன்மைப் பொருளாக இருந்தது. ஆங்கிலத்தில் இதற்குத் 'தோல் பதனிடுவோர் கொன்றை' என்றே பெயர். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பதப்பட, புதர் புதராக ஆவாரை வெட்டி உரிக்கப்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையும், குரோமிய உப்புகளும் அவ்விடத்தைப் பிடித்தன. கொலைத் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்த ஒரு செடி அப்பிணைப்பிலிருந்து பெரிதும் விடுபட்டது. அதனை ஜீவதயைக்கு உரியதாக்கும் வாய்ப்பு இப்போது நம் கையில் உள்ளது.

ஆவாரை எவ்வுயிர்க்கு உணவு?

ஆவாரை மலரில் தேன் சுரப்பதில்லை. அது மகரந்தத்தை மட்டுமே வழங்குகிறது. அம்மகரந்தமும் எளிதில் கிட்டுவதன்று. மலரில் 10 கேசரங்கள் உள்ளன. மேலுள்ள மூன்று மகரந்தம் அற்றவை. மற்றவற்றில் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே மகரந்தம் வெளிப்படும். உப்புப் புட்டியைக் குலுக்கினால்தான் உப்பு கொட்டுவதுபோல, மலரைக் குலுக்கினால்தான் மகரந்தம் உதிரும்.

இதனைச் செய்ய வல்லவை கருவண்டும், உடலில் நீலக்கோடுகள் உடைய சிறுவண்டும் ஆகும். கருவண்டு உலர்ந்த மரத்தில் துளையிட்டு வாழ்வதால் தச்சன் வண்டு எனவும் பெறும். இவை மலரைப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசைகளை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வில் மகரந்தம் பொழிகிறது. ஒரு பகுதியைத் தம் குஞ்சுகளுக்கு எடுத்துச் செல்கின்றன. மேனியில் ஒட்டிய ஒரு பகுதி அடுத்த மலரைச் சேர்ந்து காயாகிறது. அடுக்குத் தேனீக்கு இவ்வாறு அதிரச் செய்யும் திறன் இல்லை.

இவ்வதிர்வின் பயன் ஆவாரையோடு நின்றுவிடவில்லை. தக்காளிப் பூவிலும் மகரந்தம் பையின் நுனி வழியாகவே வெளிவரும். காற்றின் அசைவாலும் தக்காளி காய்க்கும். எனினும் வண்டு அதிரச் செய்தால் காய்ப்பும் காயின் பருமனும் கூடும். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் உழவர் நிலத்துக்கு வரும் வண்டு, தக்காளி பூக்காத மாதங்களில் எதை உண்டு வாழ்ந்தது? வேலியோர ஆவாரை போன்ற செடிகளைத்தான். மழைக்குப்பின் மிகுதியாகவும், ஏனைய மாதங்களில் ஓரளவும் ஆவாரை பூப்பதால், பயிர் இல்லாத காலத்திலும் வண்டுக்கு உணவு கிடைக்கிறது.

இவ்வண்டுகள் மனிதர் கவரத்தக்க தேனைச் சேர்த்து வைப்பவை அல்ல. ஆதலின் தேனின் பொருட்டு இவற்றைக் காப்பார் எவரும் இலர். தேனை விரும்பாத நாமே இவற்றைக் காக்க முதலில் முன்வரத்தக்கவர் அல்லவா?

இலையை உண்டு வாழும் உயிர்களும் உள. வெளிர்பச்சை கலந்த வெண்ணிறச் சிறகுடைய ஒருவகை வண்ணத்துப்பூச்சியும், சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் ஆவாரை முதலிய செடிகளின் தளிரில் முட்டையிடுகின்றன. அவற்றின் புழுக்கள் இலையைத் தின்று வளர்கின்றன. எந்த இலையையும் தின்னும் இயல்பு அவற்றுக்கு இல்லை. தமக்குரிய சில செடிகள் இல்லையேல் அவை இல்லை. ஆகவே ஆவாரை இலையில் துளை காணப்படுமாயின் செடி கெட்டது என்று கருத வேண்டா. அது தன் கடமையைச் செய்கின்றது என்று கொள்க.

வளர்க்கும் முறை

1. விதை: காய் பழுப்பு நிறமடைந்து உலர்ந்தபின் பறிக்கவும். ஒரு செடியின் காய் முழுவதையும் எடுக்காமல், பெரும்பங்கைச் செடியிலேயே விட்டுவிடவும். பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ப்பது நன்று.

2. பதப்படுத்துதல்: விதையின் மேல்தோல் மிகக் கடினமானது, அப்படியே இட்டால் முளைக்க நெடுநாள் ஆகும். கொதிநீர் ஊற்றும் முறையைச் சிலர் கூறுவர். அதில் விதைகள் சில மடிந்துவிடுவதால் அது வேண்டா. பருமணலுடன் சேர்த்துக் கைகளால் நன்கு தேய்த்து, வடிகட்டிய நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும்.

3. காலம்: சூன், சூலையில் முதல் மழை பெய்தபின் விதைப்பது சிறந்தது. தவறினால் செப்டம்பர் மழையிலும் விதைக்கலாம். கோடையில் விதைத்து நீர் ஊற்றி வளர்ப்பது வீண் முயற்சி.

4. இடம்: நாள் முழுவதும் வெயில் விழும் மேட்டு நிலம் வேண்டும். சரளை மண்ணும் ஏற்றதே. நீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகும்.

5. விதைப்பு: ஆழமான ஆணிவேர் உடைய செடியாதலின் நேரடியாக நிலத்தில் விதைப்பதே நலம். குழிக்குக் குழி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு 3 விதைகள் இடவும். நாற்றுப்பையில் வளர்ப்பதாயின் நீளமான பையில் வளர்த்து, வேர் அடியில் சுருளும் முன் நடவும். பெரிய குழி தோண்டுவதும் உரமிடுவதும் தேவையில்லை. உரம் மிகுந்தால் இலை பெருகிப் பூக் குறையும்.

6. நீர்: முளைத்த தொடக்கத்தில் மழை இல்லையேல் மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறையும், வேர் பிடித்தபின் முதல் கோடை முடியும்வரை வாரம் ஒருமுறையும் ஊற்றவும். அதன்பின் மழைநீரே போதும். ஓசூரில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிப் புல்தரையை நனைக்கும் குடியிருப்புகள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

7. காவல்: ஆடுமாடுகள் பொதுவாக ஆவாரையை விரும்பி மேய்வதில்லை, இளஞ்செடிக்கு மட்டும் முள்வேலி போதும். பூச்சிக்கொல்லி கூடாது. இயற்கையானது என எண்ணி வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தாலும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் மடியும், அதனையும் தவிர்க்கவும்.

8. துணைச்செடி: ஆவாரை மகரந்தம் மட்டும் தருவதால், தேன் வேண்டும் உயிர்களுக்காக அதன் அடியில் தும்பையை வளரவிடவும். மழைக்குப்பின் தானே முளைக்கும் இச்சிறு வெண்மலரைத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடும். அது விதை உதிர்த்து உலரும்வரை களை என்று பிடுங்காதிருத்தலே நாம் செய்ய வேண்டுவது.

9. உறைவிடம்: உணவு மட்டும் போதாது. நீலக்கோட்டு வண்டு மண்ணில் வளை அமைக்கும். கருவண்டு உலர்ந்த கிளையிலும் மூங்கிலிலும் குடியிருக்கும். மனை முழுவதும் சிமெண்ட் பூசி ஓடு பதித்தால் அவற்றுக்கு இடம் ஏது? ஒரு மூலையில் சிறிது வெறும் மண்ணும், உலர்ந்த கிளை ஒன்றும் இருக்கட்டும்.

இரண்டாம் ஆண்டில் செடி நன்கு பூக்கத் தொடங்கும்.

சில ஐயங்களும் விடைகளும்

மண்ணைக் கிளறுவதும் நீர் ஊற்றுவதும் ஆரம்ப இம்சை அல்லவா என்று சிலர் வினவுவர். நல்ல வினா. சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும்; ஆரம்ப இம்சையை இயன்றவரை குறைக்க வேண்டும். வீடு கட்டும்போதும் தோட்டம் அமைக்கும்போதும் மண்ணைக் கிளறியே தீர்வோம். ஆண்டு முழுவதும் வெட்டி, நீர் பாய்ச்சி, மருந்து தெளிக்க வேண்டிய புல்தரையையும், ஒருமுறை விதைத்தால் பல ஆண்டு நிற்கும் ஆவாரையையும் ஒப்பிட்டால், இம்சை எதில் குறைவு என்பது விளங்கும். அதனினும் சிறந்தது ஏற்கெனவே மனையின் ஓரத்தில் நிற்கும் ஆவாரையை வெட்டாது விடுவது. அதற்கு மண்வெட்டியும் வேண்டா.

குணவிரதம் மூன்றனுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை விலக்குமாறு அது பணிக்கின்றது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவற்றைப் 'பிரமாதசரியை' எனக் கூறுகின்றார். வெற்று மனையில் கோடையில் புதருக்குத் தீ வைப்பதும், அழகு கருதி வேலிச்செடியை வேரோடு அகற்றுவதும் இதில் அடங்கும் அல்லவா? அத்தீயில் ஓரறிவுயிர் முதல் நான்கறிவுயிர் வரை எத்தனை மடிகின்றன என்று யார் எண்ணினார்?

வண்டு கொட்டுமே, குழந்தைகள் உள்ள வீட்டில் இது தகுமா என்பது அடுத்த ஐயம். கருவண்டின் ஆணுக்குக் கொடுக்கே இல்லை. பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்க முயன்றாலன்றிப் பெரும்பாலும் கொட்டாது. செடியை வாயிலருகே வைக்காமல் வேலியோரத்தில் வைத்தால் அச்சமும் இல்லை. நம் காலடியில் உயிர்கள் மிதிபடுவதும் இல்லை.

பூவைப் பறிக்கலாமா? காப்புக் கட்டவும், உலர்த்தி வைத்துக்கொள்ளவும் கூடை கூடையாகப் பறிப்போர் உளர். மகரந்தமே உணவாக உள்ள மலரைப் பறித்தால் வண்டின் உணவையே பறிக்கின்றோம். தேவைக்கு ஓரிரு கொத்து; அதற்குமேல் வேண்டா.

தேனை விலக்கியதால் வண்டுக்கு நாம் தீங்கு செய்யாதவர் ஆனோம். அதன் உணவையும் உறைவிடத்தையும் விட்டுவைத்தால் அதற்குத் துணை செய்தவரும் ஆவோம். விலக்குதல் விரதம், காத்தல் தயை. இரண்டும் சேர்ந்ததே நிறைவான அகிம்சை. ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் மட்டுமன்றி, சொந்த ஊர்களில் வரப்பும் வேலியும் உடைய குடும்பங்களும், வரும் மழைக்காலத்தில் ஒரு பிடி ஆவாரை விதையை நினைவில் கொள்க.

சிறுவர் வகுப்புக்குரிய வினாக்கள்

1. எறும்பும் வண்டும் எத்தனை அறிவுடையன? வண்டுக்கு இல்லாத புலன் யாது?
2. 'பிராமரீ விருத்தி' என்பதன் பொருளை விளக்குக.
3. ஆவாரை மலரிலிருந்து மகரந்தம் எவ்வாறு வெளிப்படுகிறது? அதனை வெளிப்படுத்தும் வண்டுகள் யாவை?
4. ஆவாரையின் அடியில் தும்பையை ஏன் விட்டுவைக்க வேண்டும்?
5. உங்கள் வீட்டைச் சுற்றி அநர்த்த தண்டமாக நிகழும் செயல்கள் இரண்டினைக் கூறி, அவற்றைத் தவிர்க்கும் வழியைப் பெற்றோருடன் கலந்து எழுதுக.

அகிம்சா பரமோ தர்மஹ.